ஆறு தகடும் மஞ்சள் கறையும்

நடு மத்தியானத்தில் தென்னை மட்டை விழுந்து, படப்பை வீட்டுக் கொல்லையில் உலகம்மாள் வைத்திருந்த கண்ணாடிக் குடிலின் கூரை சுக்குநூறாகிவிட்டது. நாலு வருஷமாக வெறும் இலையைக் காட்டியே ஏமாற்றிக்கொண்டிருந்த ஆர்க்கிட் செடி அந்த வாரம்தான் மொட்டு விட்டிருந்தது. உச்சி வெயில் நேரே பட்டால் மொட்டு கருகிவிடும். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி, மேலே பழைய புடவையைக் கட்டினாள்.

அவள் புருஷன் பேச்சிராஜ் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மனிதர் தங்கமானவர்தான். ஆனால் வீட்டில் தோசைக்குக்கூட ‘ஓகே’, ‘ரிஜெக்ட்’ என்றுதான் தீர்ப்பு.

“பழையபடி கண்ணாடியே போடுவோமாங்க?”

“அடுத்த மட்டை விழுந்தா யாரு பொறுக்குறது?”

அண்ணாதுரையின் ஹார்டுவேர் கடையிலிருந்து மூன்று துண்டுகள் மாதிரிக்கு வந்தன. பேச்சிராஜ் ஏணியில் ஏறி ஒவ்வொன்றின் மேலும் அம்மிக் குழவியைப் போட்டார். கண்ணாடி நொறுங்கியது. பைபர் ஷீட் கீறல் விட்டது. பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் தகடு மட்டும் அசையவே இல்லை. அதுவும் பழைய கண்ணாடி மாதிரியே வெயிலைத் தணித்து வெளிச்சத்தை உள்ளே விடும் என்றதும் உலகம்மாளுக்கும் சம்மதம். பேச்சிராஜுக்கு வாயெல்லாம் பல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு தகடுகள் வந்து இறங்கின. இருபக்கமும் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. ஒரு பக்கத் தாளில் ஏதோ பொடி எழுத்து, மறுபக்கம் வெறும் வெள்ளை. எழுத்துப் பக்கத்தை மேலே வைத்துக் கட்டிலில் பரப்பிய பேச்சிராஜ், மாட்டுவதற்கு முன்னால் கீறல் இருக்கிறதா பார்க்கவேண்டும் என்று தாளை உரித்தார். உரிக்க உரிக்க, பின்னாலேயே உலகம்மாள் குழைத்த மஞ்சளோடு வந்து, தகட்டுக்கு ஒரு மூலையில் பொட்டு வைத்தாள். மிக்ஸி வந்தாலும் பிரிட்ஜ் வந்தாலும் அவள் வைப்பதுதான்.

“ஏளா, என்ன செய்யுத? புதுப் பொருள நாசம் பண்ணுதியே!”

அவள் ஈரத்துணியால் துடைத்தாள். கறை லேசாக நின்றுவிட்டது.

“ஆறும் ரிஜெக்ட்! உன்னால!”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆசையாக வைத்த பொட்டுக்கு இந்தப் பேச்சா! விருட்டென்று உள்ளே போய்விட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே திருப்பிப்போட்டு மறுபக்கத் தாளையும் உரித்து, தகடுகளை இப்படியும் அப்படியுமாகச் சுவரில் சாத்தினார்.

திருகாணி கொடுக்க வந்த அண்ணாதுரை, சாக்கில் கிடந்த தாள்களைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

“இன்னா சார், ரெண்டு பக்கமும் உரிச்சிட்டியே! எழுத்து இருந்த பக்கத்துலதான் சார் வெயில தாங்குற பூச்சு இருக்கு. மாத்திப் போட்டா ரெண்டே வருசத்துல பழுத்துப் பூடும். வெளிச்சமே உள்ள வராது.”

“இப்ப எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?”

“அந்த எழுத்த வச்சிதான் சார் கண்டுபுடிக்கணும். வேற புதுசுன்னா பத்து நாள் ஆவும்.”

பேச்சிராஜுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபது வருஷ இன்ஸ்பெக்டர், தகட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றே. இன்னும் பத்து நாள் வெளிச்சமில்லாமல் புடவைக்குக் கீழே மொட்டு பிழைக்குமா என்று உலகம்மாள் வாசற்படியில் நின்று தவித்தாள். சட்டென்று அவள் முகம் மலர்ந்தது.

“எழுத்த உரிச்ச கையோடதான நான் பொட்டு வச்சேன்? நீங்க திருப்பிப்போட்டது அதுக்குப் பொறவுதான?”

மூவரும் சுவரோரம் குனிந்தார்கள். ஆறு தகட்டிலும் மூலையில் வெளிறிய மஞ்சள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பக்கத்தில்.

அண்ணாதுரை சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. பேச்சிராஜ் ஏணியில் ஏறி, மஞ்சள் பக்கம் வானத்தைப் பார்க்க ஆறையும் மாட்டினார். மூன்றாம் வாரம் வெயிலில் கறை போய்விட்டது. பூ ஊதா நிறத்தில் விரிந்திருந்தது.

போன மாதம் புது வாஷிங் மெஷின் வந்தது. ஆட்கள் அட்டைப்பெட்டியில் கைவைப்பதற்குள் பேச்சிராஜ் குறுக்கே நின்றுகொண்டார்.

“இருங்கப்பா. எங்க இன்ஸ்பெக்டர் வரட்டும். ஒலகு! மஞ்சள எடுத்துட்டு வா!”