தட்டாத விரல்

…இல்லை, அந்த இடத்தில் என் ஆசிரியை ஷைகா தட்டியிருக்க வேண்டும், பிழையை விட்டுவைக்கிற ஆளா அவர், ஏழு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடம் கேட்பார், தூங்குகிறார் என்று நினைத்து ஒரு பெயரை விழுங்கினால் போதும், ஆள்காட்டி விரல் பலகையில் டொக்கென்று விழும், "திரும்ப வாசிடி." இன்று சுபுஹு தொழுகை முடிந்ததும் நபிமொழிகளைச் சொல்லும் ஹதீஸ் நூலின் கடைசிப் பகுதியை எடுத்தேன், கொள்ளைநோயில் உடம்பு கொதிக்க அவர் சுவரில் சாய்ந்திருந்தார், ஒவ்வொரு செய்தியும் யார் யார் வழியாக வந்தது என்ற பெயர் வரிசையை, இவர் அவரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று வேகமாக வாசிக்கையில் நடுவில் பஸராக்காரர் ஒருவரை விட்டுவிட்டேன், ஒருத்தர் செத்துப் பல வருஷம் கழித்துப் பிறந்தவர் அந்தச் செத்தவர் வாயாலேயே நேரில் கேட்டதாக ஆகிப்போனது, சின்னப்பிள்ளைகூடச் சிரிக்கும், விரல் விழவில்லை. நான் நிற்கவில்லை, கடைசி வரிவரை ஓடினேன், நிமிர்ந்தபோது அவர் இல்லை… எந்த வரியில் போனார்? ஆசிரியர் காதுபடக் கடைசி வரிவரை வாசித்தவர்தானே நூலைப் பிறருக்குச் சொல்லலாம், செத்தவருக்கு வாசித்தது வாசித்ததாகுமா?

"தண்ணிய ஊத்து மகளே, இப்பவா யோசனை? டமாஸ்கஸ்ல பாதி பேரு எனக்காகத்தான் படுத்துக் கெடக்காங்க," என்கிறாள் ஷைகாவின் உடலைக் குளிப்பாட்ட வந்த உம்மு யஸார். இலந்தை இலை ஊறிய தண்ணீரை ஊற்றுகிறேன், வெளியே கதவில் இடி, ஊர் நீதிபதி காஜியின் மகன் ஷிஹாப். காஜியும் இன்று விடியலில்தான் போனார். பாடம் சொன்ன தொண்ணூறு வயது உஸ்தாத் ஒருவர் வாயால் இந்த நூலைக் குழந்தைகளாகக் கேட்டவர்களில் மிச்சமிருந்தது ஷைகாவும் காஜியும், இந்த இரண்டு பேர்தான், உடலைத் தூக்கிப்போகும் சந்தூக்குப் பெட்டி இரண்டும் இன்று ஒரே பள்ளிவாசலுக்குப் போகப்போகின்றன, அதற்குப் பிறகு முழுசாகக் கேட்டவள் நான் ஒருத்தி, அல்லது யாருமே இல்லை. "ஏய் தோல்காரன் மகளே! பள்ளிவாசல்ல எல்லாரும் கேக்குறாங்க, முழுசா முடிச்சியா இல்லியா? பொய் சொல்லாத, உங்க வீட்டு நாத்தம் மாதிரி அதுவும் நாலு தெருவுக்கு அடிக்கும்!" இவன் பேசுகிறான். நாலு வயதில் அப்பன் மடியில் வாய் பிளந்து தூங்கியதெல்லாம் இவன் கேட்ட கணக்கு, பிறகும் பாதி நூலைத் தாண்டவில்லை, நான் தோல்தொட்டியில் கையைக் கழுவிவிட்டு ஓடிவந்து வாசலில் நின்றே ஒரு வருஷம் கேட்டேன், உள்ளே வாடி என்று கூப்பிட்டவர் இதோ துணிக்கு அடியில். ஆமென்று ஒரு வார்த்தை… நாளை முதல் இவனே என் முன்னால் மண்டியிட்டு உட்காருவான். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பெயர் வரிசையில் வரும் ஒருத்தரைப் பொய்யன் என்று சொல்லும்போது ஷைகாவின் முகம் போகிற போக்கு எனக்குத் தெரியும்.

"முடிக்கல!" கத்திவிட்டேன். "பஸராக்காரர் பேரு வர்ற எடம் வரைக்கும்தான். போ, போய்ச் சொல்லு." வெளியே அவன் சிரிப்பு, செருப்புச் சத்தம் தேய்ந்து போகிறது, போகட்டும்… உம்மு யஸார் துணிக்கு அடியிலிருந்து வலது கையை எடுக்கிறாள். "இந்த ஆள்காட்டி வெரல் மடங்க மாட்டேங்குதே, கலிமா சொல்லிக்கிட்டே போயிருக்காங்க, கொடுத்துவச்சவங்க." பார்க்கிறேன். இறைவன் ஒருவனே என்று கலிமா சொல்லி நீட்டிய விரல் நேராக இருக்கும், இது நடுக்கணுவில் கொக்கி போல வளைந்து, பலகையில் தட்டப்போகிற மாதிரி தூக்கி நிற்கிறது, ஏழு வருஷமாக என் பிழைகளுக்காகவே எழுந்த விரல், எனக்குத் தெரியாதா. அப்படியென்றால் பஸராக்காரர் விடுபட்டதைக் கேட்டிருக்கிறார்… அதற்குப் பிறகும் எவ்வளவு கேட்டார்? தூக்கிய விரலைக் கீழே போடத் தெம்பில்லாமல், நான் நிமிர்ந்து ஒருதரம் பார்ப்பேன் என்று, எத்தனை வரி காத்திருந்தார்? நான் குனிந்த தலை நிமிராமல் முடிவைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தேன்.