மீனுக்குத் திறந்த ஜன்னல்

எங்கள் ஆபீசில் ஒரு ஜன்னலாவது திறந்திருந்தால் நான் யாரிடமும் போய் நின்றிருக்க மாட்டேன். சீனாவில் எங்கள் சாங்ஷா நகரத்து ஜனவரிக் குளிர் எலும்பைக் குடையும். ஹீட்டர் சூடு வெளியே போய்விடும் என்று எல்லா ஜன்னலையும் சாத்தி, இடுக்குகளில் டேப் ஒட்டியிருந்தார்கள். உள்ளே புது மேசைகளின் பசை நாற்றம். என் முதுகுக்குப் பின்னால் நாள் முழுக்க டெண்டர் காகிதங்களைத் துப்பும் இரண்டு பெரிய பிரிண்டர்கள். சூடான மை நெடி தொண்டையிலேயே தங்கிவிடும். எனக்கு நான்கு மாதம். போன வருஷம் ஒன்று தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டும், வேறு ஆசை எதுவும் இல்லை.

"சார், என்னை வேற பக்கம் மாத்திடுங்க. தலை சுத்துது" என்று மேனேஜர் கோங்கிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது.

"அதான் கவசம் போட்டிருக்கியேம்மா, அப்புறம் என்ன பயம்?" என்பார்.

அந்தக் கவசம் என் மாமியார் வாங்கித் தந்தது. வெள்ளி இழை ஓடும் சாம்பல் நிற ஏப்ரன். கம்ப்யூட்டர் கதிர் வயிற்றில் படாதாம். எங்கள் ஊரில் பிள்ளைத்தாச்சிகள் பாதிப்பேர் இதை மாட்டிக்கொண்டுதான் வேலைக்கு வருவார்கள். வயிற்றை மூடினால் ஆச்சா? மூச்சு மூக்கு வழியாகத்தானே போகிறது! சொன்னால் மாமியார் முகம் தொங்கிப்போகும். பேசாமல் மாட்டிக்கொண்டேன்.

மற்றவர்கள் பாவம், அக்கறை இல்லாதவர்கள் இல்லை. பம்பளிமாஸ் தோல் நாற்றத்தை இழுக்கும் என்று, பழம் தின்றவர்கள் எல்லோரும் தோலை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். குப்பைத்தொட்டிக்கே வேலையில்லாமல் போயிற்று. அடுத்த சீட்டு பெய் அக்கா வாசனை ஸ்பிரேயை என் தலைக்கு மேலே ஒரு சுற்று அடித்தாள்.

"மல்லிகைடி, லான்யிங். எப்படி இருக்கு?"

"இத்தனை நாள் வெறும் நாத்தம்க்கா. இப்ப நாத்தம் பூ வச்சுக்கிட்டு வந்திருக்கு."

"கொழுப்புடி உனக்கு!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

சீனப் புது வருஷம் நெருங்கும்போது கோங் ஒரு மீன் வாங்கினார். முழங்கை நீளம், செம்பொன் செதில். வியாபாரம் கொழிக்குமாம். ஃபெங்சுயி வாஸ்து பார்ப்பவர் எந்த மூலையைக் காட்டினார் என்று நினைக்கிறீர்கள்? என் மூலையைத்தான். பிரிண்டருக்கும் எனக்கும் நடுவில் தொட்டி வந்து உட்கார்ந்தது. தினமும் கோங் வந்ததும் முதலில் மீனைத்தான் நலம் விசாரிப்பார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, மீன் இரை எடுக்காமல் அடியில் சாய்ந்து கிடந்தது. கோங் பதறிப்போய்க் குனிந்து, தொட்டிக்குக் காற்று அனுப்பும் பம்ப் பக்கத்தில் முகர்ந்தார். எங்கள் மூலையின் காற்றை அந்த மனிதர் முகர்ந்தது அன்றுதான்.

"சே, என்ன நாத்தம்! இந்தக் காத்தைத்தானே பம்ப் உள்ள தள்ளுது? இதுல ஒரு உசுரு எப்படிய்யா பொழைக்கும்?"

என் வயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டுதான் இதைக் கத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெய் அக்கா என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

உடனே டேப்பைக் கிழித்தார்கள். ஜன்னலைத் திறந்தார்கள். நாலு பேர் சேர்ந்து தொட்டியைத் தூக்கி ஜன்னலடியில் வைத்தார்கள். எனக்கு மாதக்கணக்கில் முடியாதது மீனுக்கு அரை மணியில் முடிந்தது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் ஏப்ரனைக் கழற்றிப் பிரிண்டர்மேல் போட்டேன். நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்த் தொட்டியருகே உட்கார்ந்தேன். குளிர்காற்று முகத்தில் அடித்தது. அப்பாடா! அழுகை வந்தது, அடக்கவில்லை. மீன் லேசாக மேலே ஏறி வந்திருந்தது.

கோங் பல் குத்திக்கொண்டே திரும்பி வந்தார்.

"ஏம்மா, இங்க என்ன பண்றே? மீன் மிரளும். எந்திரி, இடத்தைக் காலி பண்ணு."

"பண்றேன் சார்" என்றேன், உட்கார்ந்தபடியே. "ஜூன்ல குழந்தை பொறந்துடும். அப்ப காலி பண்றேன்."