அடிக்காத தட்டு

“ஏட்டி செங்கொடி, பதினோரு மணி மீட்டிங்குல நீ வாயத் தொறந்தன்னு வையி, அப்புறம் இந்தத் தெருவுல எப்படிக் குடியிருக்கேன்னு நானும் பாக்கேன்!”

வாசற்படியில் நின்று கத்தினாள் ஜெயக்கொடி. தெருமுனை மளிகைக்கடைக்காரி. திசையன்விளையிலிருந்து எர்ணாவூருக்கு வந்து இருபது வருடம் ஆகியும், கோபம் வந்தால் அவளுக்கு ஊர்ப்பேச்சுதான் வரும். செங்கொடி செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

“பேசறதுக்குத்தானக்கா வாங்கனோம்? மறந்துட்டியா?”

“அது அப்போ. இப்போ வெலை என்னன்னு தெரியுமா ஒனக்கு?”

தெரியாமலா? பால் என்ன விலை என்று தெரியாதவர்கள்கூட இந்தத் தெருவில் சுபவேலா கெமிக்கல்ஸ் ஷேர் என்ன விலை என்று தூக்கத்தில் சொல்வார்களே!

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மார்கழி விடியலில், அந்த ஆலையிலிருந்து கேஸ் கசிந்தது. தெருவே வாந்தியெடுத்தது. நியாயம் கேட்கப் போனவர்களை கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். எட்டு மாதம் நாய்போல அலைந்தார்கள். அப்போதுதான் ஜெயக்கொடியின் மகன் ஜோபின், ஷேர் புரோக்கர் ஆபீசில் வேலை பார்ப்பவன், ஒரு வழி சொன்னான். ஷேர் வாங்கினால் நாமும் ஒரு பங்கு முதலாளி, வருடாந்திரக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம். இருபத்திரண்டு வீடும் ஆளுக்கு ஐயாயிரம் போட்டது. ஆதாரில் ஒரு பெயர், பான் கார்டில் ஒரு பெயர் என்று கிடந்த தெருவில், இரண்டும் ஒத்துப்போனது சுகாதார நிலைய நர்ஸ் செங்கொடிக்கு மட்டும்தான். அவள் பெயரிலேயே வாங்கினார்கள். முதல் வருடம் பேசப் பெயர் கொடுக்கும் தேதியைத் தவறவிட்டார்கள்.

அடுத்த வருடம் வருவதற்குள் வந்தது வினை. ஆலையில் இரண்டாவது பிளான்ட் எழுந்தது, ஐயாயிரம் இருபதாயிரம் ஆயிற்று. பணம் என்றால் பிணமும் வாயைத் திறக்கும் என்பார்கள். இங்கே உயிரோடு இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

வாயை மட்டுமா மூடினார்கள்? கசிவுக்குப் பிறகு தெரு தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டிருந்தது. வாடை முதலில் யார் மூக்கில் ஏறுகிறதோ, அவர்கள் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடிக்க வேண்டும். சத்தம் கேட்டதும் ஈரத்துணியை மூக்கில் பொத்திக்கொண்டு எல்லோரும் கடற்கரைக்கு ஓட வேண்டும். ஆலைப் பக்கத்து முனையில் ஜெயக்கொடியின் கடை இருப்பதால் பெரும்பாலும் அவள் தட்டுதான் முதலில் ஒலிக்கும்.

போன மாதம் ஒரு மத்தியானம் வாடை வந்தது. ஒரு தட்டும் ஒலிக்கவில்லை. ‘தட்டடிச்சா எவனாவது வீடியோ எடுப்பான், டிவில வரும், வெலை படுத்துரும்’ என்று ஜோபின் அதற்கு முந்தின வாரம்தான் எச்சரித்திருந்தான். தெரு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தது. பக்கத்து வீட்டு ரமாபாய், முதல் கசிவிலேயே நெஞ்சு கெட்டவள், வாடை வந்தால் தட்டுச் சத்தம் எழுப்பிவிடும் என்று நம்பி, ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். டூட்டி முடிந்து வந்துதான் செங்கொடி விஷயத்தைக் கேட்டாள். சீ, இவர்களும் மனிதர்களா! அந்த ஆத்திரத்தில்தான் இந்த வருடக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்தாள்.

“நாசமாப் போ!” என்று ஜெயக்கொடி கடைக்கு நடையைக் கட்டினாள். அவள் போன கையோடு ரமாபாய் உள்ளே வந்து போனுக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

“பேசாத செங்கொடி.”

“நீயுமாக்கா?”

“செகண்ட் ஹேண்டு மூச்சு மெஷினு இருபத்தஞ்சாயிரம் சொல்றான். என் பங்கு இருபதுல நிக்கிது. தீவாளி வரிக்கும் ஏறட்டும், அப்பால நீ இன்னா வேணா பேசிக்க.”

“மூச்சைப் புடுங்குனவன் காசுலயே மூச்சு வாங்கப் போறியா?”

“ஆமான்டி. வேற எவன் குடுக்குறான்? நீ குடுக்குறியா?”

எங்கிருந்து கொடுப்பாள் செங்கொடி? அவள் சம்பளம் வீட்டுக் கடனுக்கே பத்தாது. ஆனாலும் பேசித்தான் தீருவது என்று போனைக் கையில் எடுத்தாள்.

போன் திரையிலேயே கூட்டம் தொடங்கியது. கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் லாபத்தையும் புது பிளான்ட்டையும் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு பெயர் கூப்பிட்டார்கள். செங்கொடி மைக்கைத் திறந்தாள்.

“வணக்கம். நான் எர்ணாவூர்லேர்ந்து பேசறேன். போன மாசம் உங்க ஆலையில...”

ரமாபாய் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் அவளுக்கு இருமல் கிளம்பிவிட்டது. சாதாரண இருமலா அது? குடலே வெளியே வந்துவிடும் போல இருந்தது.

“மேடம்,” என்றது போனில் ஒரு மெல்லிய பெண்குரல், “உங்க பின்னாடி ஒரே இரைச்சலா இருக்கு. முதல்ல அந்தச் சத்தத்தை நிறுத்துங்க.”

ரமாபாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இன்னா சொல்றா அவ?”

“உன் இருமலத்தான்க்கா. நிறுத்தச் சொல்றா.”

ரமாபாய் போனையே பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, அலமாரியிலிருந்து தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்து, போனுக்கு நேராகப் பிடித்து அடித்தாள். அடி என்றால் அப்படி ஓர் அடி! “நன்றி, அடுத்த உறுப்பினர்” என்று போனில் சொன்னார்கள். மைக்கை அவர்களே அணைத்துவிட்டார்கள். மூன்று வருடக் கேள்வி பாதியிலேயே நின்றது. ரமாபாய் நிறுத்தவில்லை. அடித்துக்கொண்டே வாசலுக்குப் போனாள்.

தெருவில் கதவுகள் படபடவென்று திறந்தன. குழந்தைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஈரத்துணியை மூக்கில் பொத்திக்கொண்டு, சனம் கடற்கரையைப் பார்த்து ஓடியது. எல்லோருக்கும் முன்னால், கல்லாவைக்கூடப் பூட்டாமல், ஜெயக்கொடி ஓடினாள். ஓடியவள் பாதித் தெருவில் நின்று, மோந்து பார்த்து, திரும்பி வந்தாள்.

“வாடையே இல்லியே! எதுக்குட்டி அடிச்ச, கோட்டிக்காரி?”

ரமாபாய்க்கு மூச்சு வர நேரம் பிடித்தது. செங்கொடி அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இது போன மாச தட்டு,” என்றாள் ரமாபாய். “அன்னிக்கு யாரும் அடிக்கல.”

தட்டையும் கரண்டியையும் ஜெயக்கொடியின் கையில் திணித்தாள்.

“நீயே வச்சிக்க. உன் மூக்குக்குத்தான மொதல்ல வரும்.”