படகுத்துறைத் தொட்டில்

ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டு மூட்டைக்கு ஒருநாளும் போர்ட்டரைக் கூப்பிட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்த வைராக்கியம் குறையவில்லை. நடக்க முடியாத மகனைப் பிறந்த நாள் முதல் அவரேதான் தூக்கினார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு. மகனுக்கு மீசையில் நரை விழுந்துவிட்டது. அவர் முதுகு மட்டும் இன்னும் கம்பிபோல நின்றது. "எங்க வீட்டுப் பிள்ளையை ஊரார் தொட்டுத் தூக்கற நிலைமை வந்தா, அன்னிக்கு நான் இல்லைன்னு அர்த்தம்" என்பார்.

உடல் முடியாதவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் பாய்மரப் படகில் ஏற்றி, கடலில் உலாத்திக் கூட்டிவருகிறார்கள் என்று கேள்விப்பட்டு மகள் பதிவு செய்திருந்தாள். "தர்ம காரியம் இல்லப்பா, டிக்கெட் வாங்கியிருக்கேன்" என்று அப்பாவிடம் மூன்று முறை சொன்னவள், தொட்டிலைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

அது படகுத்துறையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் இரும்புக் கை, அதன் நுனியில் நீலத் துணியில் தைத்த இருக்கை, நீண்ட ஒயரில் ஒரு பொத்தான் பெட்டி. சக்கர நாற்காலியில் இருப்பவரை அப்படியே எடுத்துப் படகில் இறக்கிவிடும்.

"தொட்டில்ல போட்டு ஆட்டறதுக்கு இவன் என்ன கைக்குழந்தையா? நகருங்க, நான் தூக்கறேன்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

படகுக்காரி நடுவயதுக்காரி. முடியைத் தொப்பிக்குள் அள்ளிச் செருகியிருந்தாள். அவள் நகரவில்லை. "ஆடற படகுல ஆளைத் தூக்கிட்டு இறங்கினா ரெண்டு பேரும் மீனுக்குத்தான், ஐயா."

மகன் வாயைத் திறந்தான். ஒரு சொல் தொண்டையிலிருந்து உதட்டுக்கு வந்து சேர அவனுக்கு நேரமாகும். "எ... எனக்கு..."

"வேண்டாங்கறான்" என்றார் அப்பா. வீட்டில் அவன் பேச்சை எப்போதும் அவர்தான் முடித்துவைப்பார்.

"அவர் இன்னும் சொல்லி முடிக்கலையே" என்றாள் படகுக்காரி. அவளுக்கு அவசரமே இல்லை. துறைக்கல்லில் அலை தட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு... அதுல... ஏறணும்."

மகள் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை ஒளிக்க அவளுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

தொட்டில் உயர்ந்தது. எதையும் தொடாமல் காற்றில் தொங்கிய தன் கால்களைப் பார்த்து அவன் வாய்விட்டுச் சிரித்தான். ஸ்டேஷன் மாஸ்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். முன்னால் அவற்றுக்கு வேலை இல்லை. திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம்தான். ஆனால் பிள்ளையை அம்போ என்று விட்டுவிட்டுப் போனார் என்ற பேச்சு எதற்கு? படகில் இறங்கி, ஆணி அடித்ததுபோல உட்கார்ந்தார்.

விசில் இல்லை, கொடி இல்லை. படகு துறையைத் தாண்டியதும் படகுக்காரி எஞ்சினை நிறுத்திவிட்டாள். பாய் ஒருமுறை படபடத்து, பிறகு மூச்சை இழுத்துப் பிடித்ததுபோல நிறைந்தது. படகு போகிறதா, கடல்தான் அடியில் நழுவுகிறதா என்று சொல்ல முடியவில்லை. வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்த கோட்டை யாரோ விரலால் அழித்திருந்தார்கள்.

படகுக்காரி மகனின் முறுக்கிய விரல்களைச் சுக்கான் கட்டைமேல் வைத்தாள். "பிடிக்க வேண்டாம், தம்பி. சும்மா சாய்ஞ்சுக்குங்க. அது கேக்கும்."

கேட்டது. படகு தூக்கத்தில் புரள்வதுபோல ஒரு பக்கமாக வளைந்தது.

"அண்ணா, எங்களை எங்க கூட்டிட்டுப் போறே?" என்றாள் மகள்.

ஓர் அலை வந்து போனது. இன்னொன்றும் போனது. "தெ... ரியல" என்றான்.

ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணை மூடவில்லை. அது தானாக மூடிக்கொண்டது. பச்சைத் தண்ணீருக்கடியில் ஒரு ரயில் போனது. எல்லா ஜன்னல்களிலும் விளக்கு. அது எந்த வண்டி, எத்தனை மணிக்கு வர வேண்டியது என்று அவருக்குத் தெரியவில்லை, யாரும் கேட்கவுமில்லை. ஒரு ஜன்னலோரத்தில் மகன் உட்கார்ந்திருந்தான், தானே ஏறி இடம் பிடித்தவனைப்போல. கடைசிப் பெட்டி மறையும்வரை அவர் நடைமேடையில் நின்றார். கைகள் லேசாக இருந்தன.

படகு துறையில் முட்டியபோது விழித்தார். கடல் உள்வாங்கியிருந்தது. புறப்படும்போது காலடியில் இருந்த துறை இப்போது தலைக்கு மேலே நின்றது. பாசி படிந்த ஏணியில் மகள் முதலில் ஏறினாள். அவள் மேலிருந்து பொத்தானை அழுத்த, மகன் தொட்டிலில் ஏறி நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தான்.

ஸ்டேஷன் மாஸ்டர் மூன்றாம் படியில் நின்றுவிட்டார். மடங்கிய முழங்கால் நிமிர மறுத்தது.

"என் தோள்ல கை போடுங்க, ஐயா."

"வேண்டாம்."

இறங்கினார். மறுபடி ஏறினார். மறுபடியும் இறங்கினார்.

மேலே மகன் வாயைத் திறந்தான். "அப்...பாவை..."

மீதி என்னவென்று அவருக்குத் தெரியும். முடித்துவைக்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்து காத்திருந்தார்.

"அப்பாவை... தொட்டில்ல... உக்கார வைங்க. நான்... தூக்கறேன்."

"யாராவது பார்த்தா?" என்றார், தாழ்ந்த குரலில்.

"பார்க்கட்டுமேப்பா! பிள்ளை அப்பாவைத் தூக்கறான். ஊர்ல எத்தனை அப்பனுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கு?" என்றாள் மகள்.

படகுக்காரி அவருக்குப் பட்டைகளை மாட்டினாள். பொத்தான் பெட்டி மகன் மடிக்குப் போனது. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பச்சைப் பொத்தானை அழுத்தினான். ஸ்டேஷன் மாஸ்டரின் செருப்பு படகை விட்டு எழும்பியது. துறையின் உயரத்துக்கு வந்தார், அதையும் தாண்டினார். அங்கே தொட்டில் நின்றுவிட்டது.

"என்னடா, பழுதா?"

மகன் பொத்தானிலிருந்து கையை எடுத்திருந்தான். "கொஞ்சம்... ஆடுங்க" என்றான்.

காற்று தொட்டிலை மெதுவாகத் திருப்பியது. அவர் முகம் கடல் பக்கம் போய்விட்டது. துறையில் இருந்தவர்களுக்கு முதுகு மட்டும் தெரிந்தது. அது வழக்கம்போல நேராகத்தான் இருந்தது.

"அப்பா, இறக்கச் சொல்லட்டுமா?" என்று மகள் கேட்டாள்.

"என்னை ஏன் கேக்கறே?" என்றது முதுகு. "வண்டி அவன் கையில இருக்கு."