அம்பு வராத பெட்டி

“அண்ணே, இங்க வந்து பாருங்க. திரையில இந்தப் பெட்டிக்கு ஒரு அம்புகூட வரல.”

மலேசியாவின் கூலாயில் பிளாஸ்டிக் மூடி அழுத்தும் தொழிற்சாலை அது. இயந்திரங்களை இயக்கும் நிரல்களைச் சரிபார்க்க யோகேஸ்வரி புதிதாக வேலைக்கு வந்திருந்தாள். அவற்றை எழுதியவர் மனோகரன்.

“எந்தப் பெட்டி?”

“கதவு திறந்தா அழுத்துறத நிப்பாட்டுன்னு எழுதியிருக்கீங்களே, அதான்.”

“அலமாக்!” மனோகரன் சிரித்தார். “ஒன் சாஃப்ட்வேருக்குக் கண்ணு தெரியல போல. மெஷின் நல்லாத்தானே ஓடுது?”

“இது மெஷின ஓட்டிப் பாக்கல அண்ணே. நீங்க எழுதுனத மட்டும் படிச்சு, எங்கேருந்து எங்க தாவும்னு எல்லா வழியையும் வரையுது. எந்த வழியில போனாலும் இங்க வந்து சேர முடியாது. முன்னாடியே ஒரு வரி, இதத் தாண்டிப் போன்னு சொல்லுது.”

மனோகரன் குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

“அது ஆயுத பூஜைக்குப் போட்டது.”

“என்னது?”

“மெஷின் ஓடும்போதே உள்ள சந்தனம் வச்சு தீபம் காட்டணும்னு முதலாளி சொன்னாரு. கதவத் தொறந்தா நின்னுடும். பூஜை நடுவுல நின்னா நல்லதில்லலா. அதான் தாண்ட விட்டேன். மறுநாள் எடுத்துடலாம்னு…”

“எடுக்கலயா?”

“மறந்தே போச்சு.”

“அப்புறம் எப்படி யாருக்கும் ஒண்ணும் ஆகல?”

“அந்த மெஷின்ல என் சம்சாரம் மலர்தான். மூடி சிக்குனா, பட்டன அமுக்கி நிப்பாட்டிட்டுத்தான் கதவத் தொறப்பா.”

“நல்ல வேளை!”

“இல்லம்மா.” அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “இன்னிக்குக் காலையில நான்தான் கிண்டல் பண்ணேன். பட்டன ஏன் தேடுற, கதவத் தொறந்தா தானா நிக்கும்னு…”

யோகேஸ்வரி முடிவைக் கேட்கவில்லை. ஓடினாள். பின்னாலேயே அவரும் ஓடினார்.

கதவு திறந்திருந்தது. மலரின் கை முழங்கைவரை உள்ளே. காதில் அடைப்பான், அவர்கள் கத்தியது எதுவும் அவளுக்கு எட்டவில்லை. யோகேஸ்வரி தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். சிக்கியிருந்த மூடி மலரின் விரல்களோடு வெளியே வந்தது. தடுத்திருந்த மூடி விலகியதும், மேலிருந்த இரும்புத் தட்டு தடாரென்று இறங்கியது.

மனோகரன் மெயின் சுவிட்சை இறக்கினார்.

“ஏய், என்ன பிள்ள இது!” மலர் அடைப்பானைப் பிடுங்கினாள். பிறகுதான் திறந்த கதவையும் இறங்கியிருந்த தட்டையும் பார்த்தாள். “கதவு தொறந்துதானே இருக்கு? எப்படி இறங்குச்சு?”

யோகேஸ்வரி மனோகரனைப் பார்த்தாள்.

“ஏங்க, கேக்குறேன்ல?”

“பூஜைக்கு நான்தான் அப்படி மாத்தி வச்சேன். எடுக்க மறந்துட்டேன்.”

“அப்போ காலையிலேருந்து நான் கைய விட்டப்பல்லாம்…”

அவர் தலையசைத்தார். மலர் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு, பக்கத்தில் கிடந்த கம்பியால் தட்டை நெம்பித் தூக்கிப் பிடித்தாள்.

“கரண்டுதான் இல்லயே. ஒங்க கைய ஒரு தடவ உள்ள விடுங்க.”

மனோகரனின் கை எழவில்லை.