யாரைத் தேட வேண்டும்?

எங்கள் வீட்டுக்காரருக்கு அழகான பெயர். வீட்டில் அதைச் சொல்லத்தான் ஆள் கிடையாது. அது அவருடைய தாத்தாவின் பெயர். அதனால் என் மாமியார் உண்ணாமலைக்கு அது மாமனார் பெயர், வாயில் வரக்கூடாது. எனக்கோ புருஷன் பெயர், கேட்கவே வேண்டாம். பெற்ற பிள்ளையை மாமியார் பிறந்த நாளிலிருந்தே ‘பெரியவன்’ என்றுதான் கூப்பிட்டு வந்தார். நான் வந்து ‘ஏங்க’ என்று ஆரம்பித்தேன்.

பத்தாம் வகுப்பு தேறிய எனக்குப் புதுக்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தபோது, மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“வேலைக்குப் போ சொர்ணவல்லி, நான் குறுக்க நிக்கல. ஆனா அங்கிட்டுப் போயி எம்மவன் பேரை வாய்விட்டுச் சொன்னேன்னு என் காதுல விழுந்துச்சு, மறுநா நீ வீட்டுலதான் இருக்கணும். பொண்டாட்டி பேரு சொன்னா புருசனுக்கு ஆயுசு கொறையும்.”

“சரிங்க அத்தை” என்று தலையை ஆட்டினேன். ஆட்டுவதற்கு என்ன, காசா பணமா?

வேலையில் உட்கார்ந்த பிறகுதான் சங்கதி புரிந்தது. அது ஆவுடையார்கோயில் சாமியின் பெயர். அறந்தாங்கிப் பக்கம் வீட்டுக்கு ஒருவருக்காவது அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். நெல் மண்டிக்காரர், ரைஸ் மில் முதலாளி, வக்கீல் என்று டெலிபோன் வைத்திருந்தவர்களிலேயே பல பேருக்கு அதே பெயர். கூப்பிடுகிறவர் கேட்கும் பெயரை ஆபரேட்டர் ஒரு தடவை திருப்பிச் சொல்லியாக வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். வேலைக்குப் போனால் பெயரைச் சொல்ல வேண்டும், பெயரைச் சொன்னால் வேலைக்குப் போகக் கூடாது. நல்ல கூத்து!

இங்கிலீஷ்தான் என்னைக் காப்பாற்றியது. திருச்சியில் பயிற்சி கொடுத்தபோது எங்களுக்குக் கேள்விகளைத்தான் உருப்போட வைத்தார்கள். ‘டு ஹூம் ஷுட் ஐ கனெக்ட் யூ?’ யாருக்கு இணைக்க வேண்டும்? ‘வித் ஹூம் மே ஐ ஸ்பீக்?’ யாரோடு பேசலாம்? ‘ஃப்ரம் வேர் கேன் யூ கால் அகெய்ன்?’ எங்கிருந்து மறுபடி கூப்பிட முடியும்? மற்ற பெண்கள் திணறினார்கள். எனக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது. நம் பேச்சில் ‘க்கு’, ‘ஓடு’, ‘இருந்து’ எல்லாம் வார்த்தையின் வாலில் ஒட்டிக்கொள்ளும். இங்கிலீஷில் அது முன்னால் வந்து நிற்கும். அதன் பின்னால் யார், எது, எங்கே. அதற்கும் பின்னால் வேண்டும், லாம், முடியும். இந்த மூன்றையும் பூத்தொடுக்கிற மாதிரி தொடுத்துவிட்டால் உலகத்தில் எவரையும் எதையும் கேட்டுவிடலாம். பெயர் சொல்ல வேண்டியது எதிராளியின் பாடு.

அறந்தாங்கி அழைப்பு வந்தால் நான் ‘டு ஹூம்’ என்று கேட்பேன். அவர் பெயரைச் சொன்னதும் அந்த நம்பரைப் பிடித்து, ‘வித் ஹூம் மே ஐ ஸ்பீக்?’ என்பேன். அங்கே அவரே தன் பெயரைச் சொல்வார். ‘ஸ்பீக் ஆன், ப்ளீஸ்’ என்று இருவரையும் கோத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒரு அழைப்புக்கு மூன்று நிமிஷம்தான் கணக்கு; ஆனதும் லைனைத் துண்டிப்பதும் என் வேலை. என்னைப்போல் சுத்தமாகக் கேள்வி கேட்கும் ஆபரேட்டர் திருச்சியிலும் இல்லை என்று ஊரில் பேச்சு. உண்மைதான், இல்லை.

சூப்பர்வைசர் பெரியண்ணன் மட்டும் கண்டுபிடித்துவிட்டார்.

“ஏம்மா, எல்லார் பேரையும் கணீர்னு திருப்பிச் சொல்றீங்க. இந்த ஒரு பேரு வந்தா மட்டும் நாக்கு உள்ள போயிருது?”

“லைன் தெளிவா இருக்குங்க சார். எதுக்குத் திருப்பிச் சொல்லணும்?”

அவர் சிரித்துவிட்டார். “நடத்துங்க, நடத்துங்க. எங்க வீட்டுலயும் எனக்கு ‘இந்தா’ன்னுதான் பேரு.”

இப்படி ஒரு வருஷம் ஓடியது. அப்புறம்தான் அந்தக் கார்த்திகைப் புயல் வந்தது. என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். காலையில் கோட்டைப்பட்டினத்துக்கு வண்டி எடுத்துப் போனவர் திரும்பவில்லை. கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்றார்கள். பாதையெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது என்றார்கள். கம்பிகள் அறுந்து, எங்கள் இணைப்புப் போர்டில் கிழக்குப் பக்கத்து லைன்கள் அத்தனையும் செத்துக் கிடந்தன.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பினேன். ஊர் என்ன சொன்னதோ எனக்குத் தெரியாது. மூலையில் உட்கார்ந்து அழுது என்ன ஆகும்? போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தால் முதல் சேதி என் காதில்தான் விழும். கொஞ்ச நேரத்தில் மாமியாரும் நனைந்த சேலையோடு வந்து நின்றார். வெளியாளை உள்ளே விடக்கூடாது. பெரியண்ணனே என் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

உச்சிப்பொழுதில் அறந்தாங்கி லைன் உயிர் பெற்றது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். கடற்கரையிலிருந்து மீட்டவர்களை லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்குகிறார்களாம். பேசியவர் உதவிக்கு வந்த பட்டாளத்து அதிகாரி. வடக்கத்திக்காரர்; தமிழ் ஒரு சொல் தெரியாது. லைன் எந்த நிமிஷமும் போய்விடும் என்று அவசரப்பட்டார்.

“ஃபார் ஹூம் ஷுட் ஐ லுக்?” என்று கேட்டார்.

யாரைத் தேட வேண்டும்? ஊரையெல்லாம் நான் கேட்ட கேள்வி என் பக்கமே திரும்பிவிட்டது.

என் புருஷனை என்றேன். இங்கே நூறு பேருடைய புருஷன்மார்கள் இருக்கிறார்கள் மேடம் என்றார். பஸ் டிரைவர் என்றேன். டிரைவர்களும் பலர் இருக்கிறார்கள், பெயர் என்ன என்றார். நான் வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்து மாமியார் என் தோளை இடித்தார்.

“ஆவுடையார்கோயில் சாமி பேருன்னு சொல்லு. புரிஞ்சுக்கிருவாங்க.”

எனக்கு எங்கே போயிற்று புத்தி? அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லியும் விட்டேன்.

“இன் விச் கேம்ப் ஷுட் ஐ லுக் ஃபார் காட், மேடம்?”

எந்த முகாமில் போய் நான் கடவுளைத் தேட வேண்டும் என்கிறார். கேலியில்லை. விடிய விடியத் தூங்காத மனுஷன் நிஜமாகவே கேட்டார்.

மாமியாரைத் திரும்பிப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

“ஆத்மநாதன்” என்றேன்.

முதல் தடவையாக என் வாயில் அந்தப் பெயர். பாதிதான் வெளியே வந்தது. லைனில் ஒரே இரைச்சல். “லௌடர், ப்ளீஸ்” என்றார் அதிகாரி. மறுபடி சொல்லப் பார்த்தேன். ஊர் மெச்சிய குரல் தொண்டையிலேயே உடைந்து அழுகையாக வந்தது. பயம் வந்துவிட்டது எனக்கு. சொன்னதால்தான் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். இத்தனை படித்தும், இத்தனை கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியும், அந்த நேரத்தில் அதை நானும் நம்பினேன்.

“லௌடர், மேடம். ஐ கெனாட் ஹியர் யூ.”

மாமியார் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார், ஒரு காதிலிருந்து மட்டும் கையைத் தளர்த்தினார். “என்னவாம்?” என்றார்.

“சத்தமாச் சொல்லச் சொல்றாருங்க அத்தை. என்னால முடியலைங்க.”

மாமியார் மற்றக் காதிலிருந்தும் கையை எடுத்தார்.

“கொறையிற ஆயுசு என்னோடதாப் போகட்டும்” என்றவர் எழுந்து, என் நெஞ்சின் மேல் தொங்கிய பேசும் குழலை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து அதில் வாயை வைத்தார்.

“ஆத்மநாதன்! எம்புள்ள பேரு ஆத்மநாதன்! டிரைவர் ஆத்மநாதன்!”

எக்ஸ்சேஞ்சே அதிர்ந்தது. பெரியண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பக்கத்தில் அதிகாரி பெயரைக் கடித்துக் குதறித் திருப்பிச் சொன்னார். “யெஸ், யெஸ்” என்றேன். பிறகு இரைச்சல் மட்டும். மாமியார் குழலை விடவில்லை. அவர் தலையிலிருந்து மழைத்தண்ணீர் என் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமோ, நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அதிகாரி திரும்பி வந்தார். “ஹி இஸ் ஹியர், மேடம். வித் ஹூம் மே ஹி ஸ்பீக்?”

இருக்கிறார். யாரோடு பேசலாம் என்று கேட்கிறார். என்னோடு என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது.

“வித் ஹிஸ் மதர்” என்றேன். இந்தத் தடவை என் குரல் கணீரென்று வந்தது.

காதுக்குழாயைக் கழற்றி மாமியாரின் ஈரத் தலையில் மாட்டினேன். அங்கே என் வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ, எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமியாரும் அடிபட்டதா, சாப்பிட்டாயா என்று ஒன்றும் கேட்கவில்லை. அத்தனை வருஷம் கூப்பிடாமல் விட்டதை எல்லாம் சேர்த்து, “ஆத்மநாதா, ஆத்மநாதா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்று நிமிஷம் ஆனால் லைனைத் துண்டிக்க வேண்டியவள் நான்தான். நான் துண்டிக்கவில்லை.