பார்ஜில் ஆள் உண்டு

காற்று திரும்பியபோது அவள் மேனேஜர் அறையின் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒரே புழுக்கம். கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் அசையாமல் கிடந்தது. திடீரென்று ஜன்னல் கதவு அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்ச் சுவரில் அறைந்தது. மேசைமேல் இருந்த காகிதங்கள் அறை முழுவதும் பறந்தன. முகத்தில் பட்ட காற்று, ஐஸ் கிடங்கின் கதவைத் திறந்ததுபோல் சில்லென்றிருந்தது.

"ராத்திரிதானே வரும்னு சொன்னான்?" என்றபடி மேனேஜர் எழுந்துவந்து வெளியே பார்த்தார்.

வடக்கே, பாயைச் சுருட்டி வைத்ததுபோல் நீளமாக ஒரு கருமேகம் உருண்டு வந்தது. வெதுவெதுப்பான கடலின் மேல் குளிர்காற்று பட்ட இடமெல்லாம் ஆவி கிளம்பி, எழும்பியதும் கிழிந்து ஓடியது. வாடைக்காற்று இறங்கப்போகிறது என்று நேற்றே எச்சரிக்கை வந்து, சின்னப் படகுகள் எல்லாம் துறைமுகத்துக்குள் ஒதுங்கிவிட்டன. கம்பெனியின் பார்ஜ் மட்டும் அலைத்தடுப்புக்கு வெளியே நங்கூரத்தில் நின்றது. இன்ஜின் இல்லாத தட்டைக் கப்பல் அது. அதன் முதுகில் மண் தோண்டும் பெரிய இயந்திரம். காவலுக்கு இரண்டு பேர்: அவள் புருஷனும், எல்லோரும் மொட்டை என்று கூப்பிடுகிற இன்னொருவனும்.

இழுவைப் படகின் டிரைவர் ஓடிவந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"சார், இப்பவே கிளம்பினா ஆளுங்க ரெண்டு பேரையும் இறக்கிடலாம். பார்ஜை இழுக்கிற கதையெல்லாம் வேண்டாம். இந்தக் காத்துல கயிறு நூல் மாதிரி அறுந்துடும்."

"ஆளை இறக்கிட்டா அது அநாதைக் கப்பல்யா. எவன் வேணா கயிறு போட்டு இழுத்துட்டுப்போய்ப் பங்கு கேப்பான். இன்சூரன்ஸ்காரன் மொதக் கேள்வியே மேல ஆள் இருந்துதான்னுதான் கேப்பான்."

"அதுக்காக ஆளுங்களை..."

"இருய்யா. ஹெட் ஆபீஸைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். ஹெட் ஆபீஸில் யாரோ சாப்பிடப் போயிருந்தார்கள் போலிருக்கிறது. "வந்ததும் சொல்லுங்க, அவசரம்" என்று அவர் கெஞ்சுவது உள்ளே கேட்டது. டிரைவர் வாசலில் நின்று கையைப் பிசைந்தார்.

மூலையிலிருந்த ரேடியோ கரகரத்தது. அதில் வந்தது அவள் புருஷனின் குரல்.

"ஆபீஸ், ஆபீஸ். நங்கூரம் மண்ணுல பிடிக்காம இழுபடுது சார். பார்ஜ் பின்னால நகருது."

தினமும் தூசு தட்டுகிற பெட்டிதான். எந்தப் பொத்தானை அமுக்கினால் பேசலாம் என்று அவளுக்குத் தெரியும். துடைக்கிற துணியோடேயே மைக்கை எடுத்தாள்.

"நான்தாங்க பேசறேன்."

"நீயா? சார் எங்க?"

"போன்ல இருக்காரு. நீங்க இறங்கி வந்துடுங்க. டிரைவர் அண்ணன் இங்கதான் தயாரா நிக்கிறாரு."

"சார் வாயால சொல்லட்டும்டி. நானா இறங்கினா போட்டுட்டு ஓடிட்டான்னு எழுதிடுவாங்க. இப்படி இறங்கி வந்த அந்தக் கிரேன்காரனை மறந்துட்டியா? இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனும் அவனை வேலைக்குச் சேத்துக்கல."

"வேலை கிடக்குதுங்க!"

"மேல தெறிக்கிற தண்ணி வெந்நீர் மாதிரி இருக்கு, காத்துதான் ஐஸா குத்துது. மொட்டை காலையிலேர்ந்து வாந்தி எடுக்கிறான். நீ மைக்கை வை. சார் பாத்தா உன்னையும் திட்டுவாரு."

மேனேஜர் உள்ளே வந்தார். அவள் கையில் மைக்கைப் பார்த்தும் திட்டவில்லை. ஏதோ பெரிய சலுகை வாங்கி வந்தவர்போல நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பேசிட்டேன். ஒருத்தனை இறக்கிடலாம். ஒருத்தன் மேல இருந்தாப் போதுமாம்."

டிரைவர் அவரையே பார்த்தார். அவள்தான் கேட்டாள்.

"எந்த ஒருத்தர் சார்?"

"அவங்களே பேசி முடிவு பண்ணிக்கட்டும்மா."

டிரைவர் படகை நோக்கி ஓடினார். மேனேஜர் மைக்கை வாங்கி விஷயத்தைச் சொன்னார். பதில் வர நேரமே ஆகவில்லை.

"மொட்டை இறங்கட்டும் சார். அவனால நிக்கவே முடியல." பிறகு, அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று தெரிந்தோ என்னவோ, சிரித்தான். "என் ரெண்டாம் சம்சாரத்தை நான் பாத்துக்கறேன்." பார்ஜை அவன் வீட்டிலும் அப்படித்தான் சொல்லுவான். அவளும் பதிலுக்கு, துருப்பிடிச்சவளையே கட்டிக்கிட்டு அழுங்க என்பாள்.

அன்று மைக் மேனேஜர் கையில் இருந்தது.

டிரைவர் மொட்டையைக் கொண்டுவந்து சேர்த்தார். உடனே, யார் சொல்லுக்கும் காத்திராமல், அவள் புருஷனையும் இறக்கப் படகைத் திருப்பினார். அலைத்தடுப்பின் முனை தாண்டியதும் ஒரு அலை படகைத் தூக்கிப் பக்கவாட்டில் போட்டது. கண்ணாடி நொறுங்கி, முகத்தில் ரத்தத்தோடு திரும்பிவந்தார். அதற்குள் மழை பார்ஜை மறைத்துவிட்டது. "நங்கூரச் சங்கிலி போச்சு சார்" என்று ரேடியோவில் ஒரு தடவை வந்தது. அதன்பிறகு இருட்டும்வரை மேனேஜர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கரகரப்புக்கும் தலையைத் தூக்கினாள்.

காற்று ஓய்ந்தபின் பார்ஜ் தெற்கே ஒரு மணல்திட்டில் ஏறி நின்றது. அதன் பக்கவாட்டில் ஒரு நசுங்கல். மண் தோண்டும் இயந்திரம் அப்படியே இருந்தது. அவன் இல்லை. தேடிப் போன படகுகள் இரண்டு நாளில் நிறுத்திக்கொண்டன.

இன்சூரன்ஸ் ஆள் வந்த அன்று மேனேஜர் அவளையும் பார்ஜுக்கு அழைத்துப் போனார். ஏணியில் ஏற டிரைவர்தான் கைகொடுத்தார். அவர் நெற்றியில் தையல் போட்டிருந்தது.

"இவங்கதான் அவரோட சம்சாரம்" என்றார் மேனேஜர். "ரேடியோவுல பேசினதுகூட இவங்கதான். கடைசி வரைக்கும் மேல ஆள் இருந்துது சார். இவங்களையே கேட்டுக்குங்க."

"அப்படியாம்மா?"

அவள் தலையை ஆட்டினாள்.

இன்சூரன்ஸ் ஆள் நசுங்கலைப் படமெடுத்தார், அறுந்த சங்கிலியைப் படமெடுத்தார். பிறகு காவல்காரர்களின் தகர அறைக்குள் குனிந்து போனார். அவளும் பின்னாலேயே போனாள். உள்ளே ஒரு கம்பியில் புருஷனின் நீலச் சட்டை தொங்கியது. உப்புக் காய்ந்து விறைத்திருந்தது. எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினாள்.

"அதைத் தொடாதீங்கம்மா. ஆள் இருந்ததுக்கு அதுதான் அத்தாட்சி."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவர் அந்தச் சட்டையின் காலரை நிமிர்த்திவிட்டு, ஒரு எட்டுப் பின்னால் வந்து, கேமராவைக் கண்ணில் வைத்தார்.

"வெளிச்சத்தை மறைக்கிறீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."